ஒட்டுக் கள்ளி ஏன் வளரவில்லை?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சிலருக்குக் கைராசி உண்டு, அவர்கள் நட்டால் விறகுக் கட்டையும் துளிர்க்கும் என்பார்கள். எனக்கு ராசியில்லை என்று சொல்லி, நட்ட செடியைத் தொட்டியோடு தூக்கிக் கொல்லைப்புறத்தில் வைத்துவிடுவோரும் உண்டு. மற்றச் செடிகளைப் பற்றி நாங்கள் பேசவில்லை. ஒட்டுக் கட்டிய கள்ளிச் செடியைப் பொறுத்தவரை இந்த ராசி என்னும் சொல்லை நாங்கள் ஏற்பதற்கில்லை. எங்கள் வகுப்பில் ஆறு பேர் சேர்ந்து இரண்டு ஆண்டுகளாக வீட்டு மாடியிலும், பள்ளி ஆய்வுக்கூடத்தின் சன்னலோரத்திலும் ஒட்டுக் கள்ளிகளை வளர்த்து வருகிறோம். வளராமல் நிற்கும் செடிக்குக் காரணம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. பெரும்பாலும் அது நாம் ஆசையோடு பார்க்கும் தலையில் இல்லை; யாரும் பார்க்காத காலில் இருக்கிறது.

முதலில் கள்ளி என்னும் சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் ஊர் வேலியில் நிற்கும் சதுரக்கள்ளியும், திருகுக்கள்ளியும், இலைக்கள்ளியும் பெயரளவில்தான் கள்ளி. அவை ஆமணக்கு, மரவள்ளி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தவை. கீறினால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பெருந்தீங்கு. திருஷ்டிக்காக வாசலில் தலைகீழாகக் கட்டுகிறோமே கற்றாழை, அதுவும் வேறு குடும்பம். ஆங்கிலத்தில் காக்டஸ் என்பார்களே, அந்தக் குடும்பம் அமெரிக்கக் கண்டங்களுக்கு உரியது. அதற்கு வெளியே இயற்கையாக வளர்வது ரிப்சாலிஸ் என்ற ஒரே இனந்தான். அது ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் மரங்களில் தொற்றி வளர்கிறது. நம் நிலத்துக்கே உரியதுபோல் தேரிக்காட்டில் பரந்து கிடக்கும் சப்பாத்திக்கள்ளியும் கப்பலேறி வந்ததுதான்!

அடையாளம் காண்பது எளிது. உண்மையான காக்டஸில் முட்கள் தோலிலிருந்து நேராகக் கிளம்புவதில்லை. சிறிய பஞ்சுமெத்தை போன்ற புள்ளி ஒன்று இருக்கும். அதிலிருந்துதான் முட்கள் கொத்தாகப் புறப்படும். பால் வடிவதை மட்டும் நம்பலாகாது. ஏனெனில் மாமில்லேரியா என்ற காக்டஸ் இனத்திலும் சிலவற்றுக்குப் பால் உண்டு. குடும்பம் வேறானால் ஒட்டு ஒட்டாது. சதுரக்கள்ளியின் மேல் காக்டஸை எத்தனை அழகாக வைத்துக் கட்டினாலும் அது காய்ந்து விழத்தான் செய்யும்.

சரி, எதற்காக ஒட்டுக் கட்ட வேண்டும்? பொருட்காட்சியிலும் நாற்றுப் பண்ணையிலும், பச்சைத் தண்டின் உச்சியில் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு நிறப் பந்து ஒன்று உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பூ என்று நினைத்து வாங்குவோரும் இருக்கிறார்கள். அது பூவன்று, தனியான ஒரு செடி. 1941ஆம் ஆண்டில் ஜப்பானில் வத்தனாபே என்னும் நாற்றுப் பண்ணையாளர், பராகுவே நாட்டுக்குரிய ஜிம்னோகலிசியம் விதைகளை முளைக்க வைத்தபோது, பச்சையமே இல்லாத சிவந்த நாற்றுகள் அவற்றிடையே தோன்றின. பச்சையம் இல்லாத செடி தனக்கு வேண்டிய உணவைத் தானே சமைக்க முடியாது. விதையில் இருந்த உணவு தீர்ந்ததும் மடிய வேண்டியதுதான். அவற்றை அவர் மற்றொரு பச்சைக் கள்ளியின் தலையில் ஒட்டுக் கட்டினார், அவை பிழைத்தன. இன்று உலகெங்கும் விற்கப்படும் 'மூன் காக்டஸ்' அந்த வழியில் வந்ததே. தென்கொரியாவில் இதற்கென்றே பண்ணைகள் வைத்துப் பல நாடுகளுக்கு ஏற்றுமதி செய்கிறார்கள்.

நிறத்துக்காக மட்டுமல்ல, வேகத்துக்காகவும் ஒட்டுக் கட்டுவதுண்டு. காக்டஸ் இயல்பாகவே மெதுவாக வளரும் செடி. பகலில் இலைத்துளைகளைத் திறந்தால் நீர் ஆவியாகிவிடும் என்று அவற்றை மூடிக்கொண்டு, இரவில் மட்டும் திறந்து கரியமில வாயுவை வாங்கிச் சேமித்து வைக்கிறது. மறுநாள் வெயிலில் அதைக் கொண்டு உணவு சமைக்கிறது. இவ்வளவு சிக்கனமாக வாழ்பவர் வேகமாக வளர முடியுமா? அரிசோனா பாலைவனத்து சகுவாரோ, பின்னாளில் நாற்பது அடி உயரம் வளரக்கூடியது. ஆனால் முதல் 8 ஆண்டுகளில் அது வளர்வது ஒன்று அல்லது ஒன்றரை அங்குலமே. இத்தகைய மெத்தனமான நாற்றை வேகமாக வளரும் கள்ளியின் மேல் ஒட்டினால், கீழே உள்ளதன் வேகம் மேலே உள்ளதற்கும் கிடைக்கிறது.

கீழே வேரோடு நிற்பதை வேர்ச்செடி என்றும், மேலே வைப்பதை ஒட்டுத்துண்டு என்றும் சொல்லிக்கொள்வோம். மூன் காக்டஸின் வேர்ச்செடி எது தெரியுமா? மூன்று பட்டையாக நிற்கும் அந்தப் பச்சைத் தண்டு, டிராகன் பழச் செடியேதான்! ஹைலோசீரியஸ் என்பது அதன் பழைய பெயர். இப்போது செலினிசீரியஸ் என்கிறார்கள். 'பிரம்ம கமலம்' என்று சொல்லி நள்ளிரவில் அக்கம்பக்கத்தாரை எழுப்பிக் காட்டுகிறோமே, அந்தச் செடியும் இதற்கு உறவுதான். (இமயமலையின் உண்மையான பிரம்ம கமலம் வேறு. ஆனாலும் பாட்டியிடம் இதைச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் துணிவு வரவில்லை.)

இனிச் செய்முறை. டிராகன் பழச் செடியின் ஒரு சாண் நீளத் துண்டை வெட்டி, நிழலில் ஒரு வாரம் காய வைத்து, மணல் கலந்த மண்ணில் நட்டால் மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடிக்கும். வேர் நன்றாகப் பிடித்து, தண்டு கொழுகொழுவென்று இருக்கும்போதுதான் ஒட்டுக் கட்ட வேண்டும். பனி குறைந்த மாசி, பங்குனி மாதங்களும், ஆடி, ஆவணி மாதங்களும் ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெட்டுவாய் காயாது; பூசணம் பிடிக்கும்.

புதிய சவர பிளேடு ஒன்றை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்துக்கொள்க. சிறிய வகுப்பு மாணவிகள் பிளேடைப் பெரியவர் கையில் கொடுத்துவிடுவது நலம். வேர்ச்செடியின் உச்சியை ஒரே வீச்சில், தட்டையாக வெட்ட வேண்டும். ரம்பம்போல் அறுக்கக் கூடாது. பின் மூன்று பட்டைகளின் ஓரத்தையும் பென்சில் சீவுவதுபோல் சாய்வாகச் சீவிவிட வேண்டும். இது அழகுக்காக அன்று. தோல் கெட்டியானது, சதை நீர் நிறைந்தது. காயும்போது சதை உள்ளே வாங்கும், தோல் வாங்காது. நடுவில் குழி விழுந்தால் மேல்துண்டு தூக்கிக்கொள்ளும். ஓரம் சீவியிருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

வெட்டிய இடத்தை உற்று நோக்குங்கள். நடுவில் சிறு வளையம் ஒன்று தெரியும். பாடத்தில் படித்த வாஸ்குலார் கற்றைகள் அவைதாம். நீர் ஏறும் சைலமும், உணவு இறங்கும் புளோயமும், இடையே புதிய செல்களைப் பிறப்பிக்கும் கேம்பியமும் அங்கே இருக்கின்றன. ஒட்டுத்துண்டின் அடியையும் வெட்டினால் அதேபோன்ற வளையம் தெரியும். ஒட்டு என்பது இந்த இரண்டு வளையங்களும் சந்திப்பதே. சதையும் சதையும் ஒட்டினால் போதாது. மேல்வளையம் பெரிதாகவும் கீழ்வளையம் சிறிதாகவும் இருந்து, நடுவோடு நடு பொருந்த வைத்தால், சிறியது பெரியதன் உள்ளே அடங்கி, இரண்டும் ஓரிடத்திலும் தொடாமலே போய்விடும்! அப்போது துண்டைச் சற்று ஒதுக்கி, ஒரு வளையம் மற்றொன்றை இரண்டு இடத்தில் குறுக்கே வெட்டும்படி வைக்க வேண்டும். பார்ப்பதற்குக் கோணலாக இருக்கும், இருக்கட்டும்.

வெட்டியவுடன், ஈரம் காயுமுன் வைத்து, மெல்ல இப்படியும் அப்படியும் திருகினால் இடையில் சிக்கிய காற்றுக்குமிழி வெளியேறும். பிறகு இரண்டு ரப்பர் வளையங்களை எதிரெதிராகத் தொட்டியின் அடியோடு சேர்த்து மாட்டினால் போதும். இறுக்கம் வேண்டும், நசுக்கம் கூடாது. பத்து நாள் நிழலில் வைக்க வேண்டும். வெட்டுவாயில் ஒரு சொட்டு நீரும் படலாகாது. பிறகு ரப்பரைக் கழற்றிப் பாருங்கள். துண்டு பளபளப்பாக நிமிர்ந்து நின்றால் ஒட்டிக்கொண்டது. கையோடு வந்துவிட்டால் இரண்டையும் மெல்லியதாகச் சீவி மீண்டும் வைக்கலாம்.

இதுவரை எல்லாம் எளிது. தொல்லை தொடங்குவது அதற்குப் பிறகுதான். ஒட்டு பிடித்துவிட்டது, செடி சாகவில்லை, ஆனால் வளரவும் இல்லை. ஆறு மாதம் முன்பு நெல்லிக்காய் அளவு, இன்றும் நெல்லிக்காய் அளவு. அம்மா தினம் பார்க்கிறார், "இதற்கு ஒரு தொட்டி தண்டம்" என்கிறார்.

இங்கேதான் பலரும் தலையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். 'காக்டஸ் பாலைவனத்துச் செடி, தண்ணீர் ஊற்றாதே, உரம் போடாதே, நல்ல வெயிலில் வை' என்பது பொது அறிவு. பந்துபோல் உட்கார்ந்திருக்கும் தலைக்கு அது ஓரளவு பொருந்தும். ஆனால் வேர் யாருடையது? டிராகன் பழச் செடியுடையது. அது பாலைவனத்தைக் கண்டதே இல்லை. மத்திய அமெரிக்கக் காடுகளில், மக்கிய இலைகளிடையே வேரோடி, மரங்களைப் பற்றி ஏறும் கொடி அது. மழையும் மக்கும் இலைநிழலும் பழகிய அதன் வேரை வெறும் மணலில் நட்டு, மாதம் ஒருமுறை தண்ணீர் காட்டினால் அது எப்படித் தன்னையும் காத்து, தலைமேல் உள்ள விருந்தாளியையும் போற்றும்? ஆகவே ஒட்டுக் கள்ளிக்கு நீர் ஊற்றும்போது தலையை மறந்துவிட்டுக் காலுக்கு ஊற்ற வேண்டும்.

கால் பேசும் மொழியும் எளிதே. மூன்று பட்டைகளும் மெலிந்து உள்வாங்கியிருந்தால் தாகம். அடித்தண்டு மஞ்சளித்துத் தொளதொளத்தால் நீர் மிகுதி. வெயில் படும் பக்கம் மட்டும் வெளிறினால் வெயில் மிகுதி. மேல்மண் ஒரு விரற்கடை ஆழம் காய்ந்ததும் நன்றாக ஊற்றி, மிகுந்த நீர் அடித்துளை வழியே ஓடிவிடும்படி செய்ய வேண்டும். மண்ணில் பாதி பருமணலும் செங்கல் சல்லியும், மற்றப் பாதி மக்கிய இலையுரமுமாக இருக்கட்டும். வளரும் காலத்தில் மாதம் ஒரு கரண்டி மண்புழு உரம் போடலாம். கடையிலிருந்து வந்த தொட்டியில் வேர் உருண்டையாகச் சுற்றிக் கிடப்பதும் உண்டு. ஒரு சுற்றுப் பெரிய மண்தொட்டிக்கு மாற்றிய சில வாரங்களிலேயே தலை பெருக்கத் தொடங்கியதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

அடுத்தது உயரம். இது பற்றி எங்களுக்குள் நீண்ட வாதமே நடந்தது. வேர்ச்செடியைக் குட்டையாக வைத்தால் அழகு என்பது ஒரு கட்சி. பச்சைத் தலையாக இருந்தால் குட்டையாக வைக்கலாம். அது தானும் சமைத்துக்கொள்ளும். சிவப்புப் பந்துக்கு அது முடியாது. அந்த வீட்டில் சம்பாதிப்பவர் ஒருவரே, உண்பவர் இருவர். ஆகவே பச்சைத் தண்டு ஒரு சாணாவது இருந்தால்தான் இருவருக்கும் போதிய உணவு கிடைக்கும். விற்பனைக்கு வரும் மூன் காக்டஸ் பலவற்றில் தண்டு இரண்டு மூன்று அங்குலமே இருக்கிறது. அதை இருட்டறையில் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் வைத்தால் வளர்ச்சியை எதிர்பார்க்கலாகாது. காலை வெயில் படும் சன்னலும், நண்பகலில் நிழலும் ஏற்றது.

வேர்ச்செடி பக்கத் துளிர் விடுகிறதா என்றும் பாருங்கள். பட்டையின் ஓரத்தில் பச்சையாக ஒன்று கிளம்பும். ஆகா, துளிர்த்துவிட்டது என்று மகிழ்ந்து விட்டுவைப்போம். தலைக்குப் போக வேண்டிய உணவெல்லாம் அதற்குப் போய்விடும். விரல் நுனி அளவு இருக்கும்போதே கிள்ளிவிட வேண்டும். கிள்ளக் கிள்ள அடிக்கடி துளிர்த்தால் அது வேறொன்றையும் சொல்கிறது: மேலே ஒட்டு பாதிதான் பிடித்திருக்கிறது, ஏறும் சாறு போக வழியின்றிப் பக்கத்தில் உடைத்துக்கொண்டு வருகிறது. தலை ஒரு பக்கமாகச் சாய்ந்தோ, ஒரு பக்கம் மட்டும் புடைத்தோ இருந்தால் ஐயமே இல்லை. பிரித்து, புதிதாகச் சீவி, வளையம் பார்த்து மறுபடி கட்டுவதே வழி.

எங்கள் ஊர் போன்ற கடற்கரை ஊர்களுக்கு ஒரு தனித்தொல்லை உண்டு, அது தண்ணீர். ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பும் சுண்ணாம்பும் மிகுதி. தொட்டியின் வெளிப்புறத்திலும் மண்ணின் மேலும் வெண்மையாகப் படிந்திருந்தால் அதுதான். உப்பு ஏறிய மண்ணில் வேர் நீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். நீர் நிறைந்த தொட்டியிலேயே செடி தாகத்தில் நிற்கும்! மழைநீரைக் குடத்தில் பிடித்து வைத்து ஊற்றுவதும், ஆண்டுக்கு ஒருமுறை மண்ணை மாற்றுவதும் நல்லது. மலையூர்களிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படிக்கும் தோழியருக்கு வேறு கவலை. வெப்பம் 10 டிகிரிக்குக் கீழே போனால் டிராகன் பழச் செடி துவண்டுவிடும். ஊட்டி, கொடைக்கானல் பக்கம் தூண்போல் நெடிது வளரும் சீரியஸ் கள்ளியை வேர்ச்செடியாகக் கொள்வது மேல். அது டிராகன் பழச் செடியைக் காட்டிலும் நீண்ட நாள் உழைக்கும்.

சப்பாத்திக்கள்ளியையும் வேர்ச்செடியாக்கலாம். காசு கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அதன் சுணை கையில் ஏறினால் இரண்டு நாள் எழுதவே முடியாது. மடித்த செய்தித்தாளால் பிடித்து, செல்லோடேப்பை ஒட்டி ஒட்டி எடுத்துச் சுணை நீக்கிய பிறகே தொட வேண்டும். அதன் மேல் வெண்பஞ்சுபோல் ஒட்டியிருக்கும் பூச்சியை நசுக்கினால் சிவப்புச் சாயம் வரும். 1795இல் உயர்ந்த சாயப்பூச்சி என்று தவறாக எண்ணி இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஓர் இனம், சாயம் தருவதற்குப் பதிலாகச் சப்பாத்திக்கள்ளிகளைத் தின்று தீர்த்த கதை வரலாற்றில் உண்டு. அந்தப் பூச்சி இருக்கும் துண்டை எடுக்காதீர்கள்.

பூச்சி என்றதும் மாவுப்பூச்சியைச் சொல்லாமல் விட முடியாது. ஒட்டின் மடிப்பில் ஒளிந்திருக்கும் பூச்சியை ஸ்பிரிட் தொட்ட காதுக்குச்சியால் துடைத்துவிடலாம். வேரில் குடியிருப்பதுதான் பொல்லாதது. மேலே ஒன்றும் தெரியாது, செடி மட்டும் நின்றுவிடும். தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் மண்ணோரத்தில் மாவு தூவியதுபோல் இருக்கும். வேரைக் கழுவி, கெட்டதை வெட்டி, இரண்டு மூன்று நாள் காய வைத்துப் புதுமண்ணில் நட வேண்டும்.

இன்னொன்றும் கண்டோம். கடையில் வாங்கி வந்த கள்ளி ஒன்றின் உச்சியில் அழகான மஞ்சள் பூ மாதக்கணக்கில் வாடாமல் இருந்தது. தொட்டுப் பார்த்தால், உலர்ந்த பூவைப் பசையால் ஒட்டியிருந்தார்கள்! கள்ளி வளர்வது உச்சியில். அந்த உச்சியைப் பசையால் அடைத்துவிட்டால் வளர்வது எங்ஙனம்? வண்ணம் பூசி விற்கும் கள்ளிகளுக்கும் இதே கதிதான். வாங்கும்போது உச்சியைப் பார்த்து வாங்குமாறு பெற்றோரைக் கேட்டுக்கொள்கிறோம்.

எல்லாம் சரியாக இருந்தும் மூன்று நான்கு ஆண்டுகளில் மூன் காக்டஸ் தளர்ந்தால் வருந்த வேண்டியதில்லை. டிராகன் பழச் செடி குட்டையாக வெட்டப்பட்ட நிலையில் நெடுங்காலம் தாங்குவதில்லை. தலை பெருத்துக்கொண்டே போக, கால் கட்டையாகி ஓய்ந்துவிடுகிறது. தலை நன்றாக இருக்கும்போதே வெட்டி எடுத்துப் புதுக்காலில் வைத்துவிட்டால் மறுபடி பல ஆண்டு வரும். பந்தின் பக்கத்தில் முளைக்கும் குட்டிகளையும் இவ்வாறே தனித்தனியாக ஒட்டலாம். வளர்ச்சியைக் கண்ணால் மதிப்பிடாமல், மாதத்தின் முதல் நாள் பந்தைச் சுற்றி நூல் பிடித்து, அந்த நூலைத் தேதியிட்டு நோட்டில் ஒட்டி வைப்பது எங்கள் வழக்கம். நூல் பொய் சொல்வதில்லை.

கடைசியாக, அழுகும் செடி. சென்ற மழைக்காலத்தில், ஒரு சிஸ்டர் பல ஆண்டுகளாக வளர்த்துவந்த உருண்டைக் கள்ளி அடியில் கறுத்துவிட்டது. வேர் எல்லாம் போய்விட்டது. தூக்கினால் கையோடு வந்தது. அடியிலிருந்து மெல்லிய வில்லைகளாகச் சீவிக்கொண்டே போனோம். ஒவ்வொரு வெட்டுக்கும் பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்தோம். அழுகல் சதையைவிட வளையத்தின் வழியாகத்தான் வேகமாக மேலேறும். எனவே சதை வெள்ளையாகிவிட்டது என்று நிறுத்தக் கூடாது. வளையத்தில் ஊசிமுனை அளவு பழுப்புப் புள்ளி இருந்தாலும் இன்னொரு வில்லை சீவ வேண்டும். கடைசியில் மிஞ்சியது எலுமிச்சம்பழ மூடி அளவுதான். அதை ஒட்டி வைத்தோம். இப்போது அதில் புதுமுட்கள் வந்திருக்கின்றன. அன்று சன்னலோரத்தில் வேர் பிடித்த வேர்ச்செடி ஒன்று சும்மா நின்றிருந்ததால்தான் இது கூடிற்று. அழுகல் தொடங்கிய பிறகு வேர்ச்செடிக்குத் துண்டு நட்டுக் காத்திருக்க நேரம் இராது. ஆகவே மழைக்கு முன், ஆவணியிலேயே, வீட்டுக்கு இரண்டு துண்டுகளை நட்டு வையுங்கள். துண்டு வேண்டுவோர் மதிய இடைவேளையில் ஆய்வுக்கூடச் சன்னலருகே வந்து எங்களிடம் கேட்கலாம். பழைய செய்தித்தாளை மட்டும் மறவாமல் கொண்டு வாருங்கள்.